பாட்டிலில் வளரும் கள்ளிக்கும் சொந்த ஊர் உண்டு

நீலகிரியில் விளைந்த விதை உருளைக்கிழங்கு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்று 1971-இல் தடை போட்டார்கள். கிழங்கில் ஒட்டிக்கொண்டு போகும் மண்ணுக்குப் பயந்து போட்ட தடை அது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1961-இல், ஊட்டி விஜயநகரம் பண்ணையில் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் உருளையைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்திருந்தார். ஊசிமுனை அளவே உள்ள ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளையே நடாமல் நிலத்தைப் போட்டுவைத்தாலும், இருபது ஆண்டுகள் வரை அந்த முட்டைகள் உயிரோடு கிடக்கும். முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் குப்ரி சுவர்ணா, குப்ரி நீலிமா என்று எதிர்ப்புச் சக்தி கொண்ட ரகங்களைத் தந்தது. விவசாயிகள் பயிரை மாற்றிப் பார்த்தார்கள், மருந்தும் போட்டார்கள். புழு மட்டும் இந்த மலையை விட்டுப் போகவில்லை. இன்றும் இங்கிருந்து மண்ணோடு எது கீழே இறங்கினாலும் அதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்துக் குணமுள்ள சதைப்பற்றுச் செடிகளை டிஷ்யூ கல்ச்சர் என்னும் திசு வளர்ப்பு முறையில் பெருக்குவதற்கு ஊட்டியின் பெர்ன்ஹில் பொருத்தமான இடம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்த மண்தான். டிஷ்யூ கல்ச்சர் செடி மண்ணையே பார்க்காமல் கண்ணாடி பாட்டிலுக்குள் பிறந்து வளர்கிறது. தேயிலைக்கும் காரட்டுக்கும் செய்வதுபோல் அதற்காகச் சரிவை வெட்ட வேண்டாம், கொத்த வேண்டாம். மண், நீர்ப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் 1950-களிலிருந்து ஊட்டியில் இயங்குகிறது. சரிவு நிலத்தைக் கிளறினால் ஒரு மழைக்கு எவ்வளவு மண் ஓடும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுச் சிறு விவசாயிகள் போராடி ஓய்ந்த மலை இது. சரிவைச் சிதைக்காமல் பிழைக்க ஒரு வழி கிடைக்குமென்றால் அதை ஆராயாமல் விடக் கூடாது.

ஆனால் எந்தச் செடியை வளர்ப்பது என்பதில் கறாராக இருக்க வேண்டும். சதைப்பற்றுள்ள மூலிகை என்றதும் பட்டியல் நீளும்: சோற்றுக்கற்றாழை, பிரண்டை, ரணகள்ளி, கற்பூரவல்லி, கள்ளிமுளையான். இவற்றில் பாதிக்கு லேப் தேவையே இல்லை. பிரண்டையின் ஒரு கணுவை ஒடித்து வேலியோரம் சொருகினால் போதும். ரணகள்ளியின் ஓர் இலையைத் தரையில் போட்டால் அதன் விளிம்பில் வரிசையாகக் குட்டிகள் முளைக்கும். கற்பூரவல்லி தொட்டிக்குத் தொட்டி தானே பரவும். இவற்றை பாட்டிலில் அடைத்து, நாற்றுக்கு விலை போட்டு விற்பது விவசாயியை ஏமாற்றுவதாகும்.

அலங்காரத்துக்கும் மருந்துக்கும் ஆகும் என்று சொல்லி வெளிநாட்டுக் கள்ளிகளைக் கொண்டுவந்து பெருக்கும் ஆசையும் எழும். அந்த ஆசை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. சிவப்புச் சாயம் தரும் காக்கினியல் பூச்சியை வளர்ப்பதற்காக, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் மெட்ராஸ் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் எடுபடவில்லை. கள்ளியோ தென்னிந்தியாவின் தரிசுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் வளைத்துக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு காக்கினியல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியது. தானாகவே பரவும் ஒரு செடியை லட்சக்கணக்கில் பெருக்கித் தரும் வேலையை எந்த அரசு லேபும் செய்யக் கூடாது.

மிச்சமிருப்பவை இரண்டு. ஒன்று கற்றாழை. அது விதையில் வராது என்றே சொல்லலாம். தாய்ச்செடியின் அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்துத்தான் நட வேண்டும். ஒரு தாய் ஆண்டுக்குச் சில கன்றுகளே தரும். ஒரே வயதுள்ள, நோயில்லாத ஆயிரக்கணக்கான கன்றுகள் ஒரே வாரத்தில் வேண்டுமென்றால் டிஷ்யூ கல்ச்சர்தான் வழி. கற்றாழையைக் குருத்திலிருந்து பாட்டிலில் பெருக்கும் முறை 1990-லிருந்தே ஆய்விதழ்களில் இருக்கிறது. இன்னொன்று கள்ளிமுளையான். அதுவே இந்தக் கட்டுரையின் மையம். அதற்குப் போகுமுன் பாட்டிலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்துவிடலாம்.

டிஷ்யூ கல்ச்சர் லேபின் உள்ளறைக்குள் செருப்பு போகாது. தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், முழங்கை வரை ஸ்பிரிட் தேய்த்த கைகள். லாமினார் மேசையின் முன் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருப்பார். இந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான். வடிகட்டிய காற்று மேசையின் உள்ளிருந்து அவர் பக்கமாகச் சன்னமாக வீசிக்கொண்டே இருக்கும், வெளித்தூசு உள்ளே நுழையாதபடி. கற்றாழைக் கன்றின் இலைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் நடுவில் வெளிறிய பச்சையில் குருத்துமுனை தெரியும், விரல் நகத்தின் அளவு. அதை வெட்டும்போது மஞ்சள் பால் கசிகிறது. காற்றுப்பட்டதும் பழுப்பாகிறது; கொஞ்ச நேரத்தில் குருத்தை வைக்கும் மீடியாவையும் கறுப்பாக்குகிறது. அந்தக் கறுப்பிலேயே குருத்து செத்துப்போகலாம். அதனால் அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் நனைத்து எடுக்கிறார்கள், அல்லது மீடியாவில் கரித்தூள் சேர்க்கிறார்கள். கத்தியையும் இடுக்கியையும் ஒவ்வொரு வெட்டுக்கும் சூட்டில் காட்டித்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

மீடியா என்பது அகர் சேர்த்து உறைய வைத்த உப்பும் சர்க்கரையும். புகையிலைத் திசுவுக்காக முராஷிகியும் ஸ்கூக்கும் 1962-இல் வகுத்த அளவுதான் இன்றைக்கும் உலகமெங்கும் அடிப்படை. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, கிளை விடச் செய்ய சைட்டோகைனின், வேர் விட ஆக்சின். ஆட்டோகிளேவில் 121 டிகிரிச் சூட்டில் கிருமியில்லாமல் ஆக்கி, பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள். குருத்து அதில் உட்கார்ந்து நான்கு வாரத்தில் மூன்று நான்கு துளிர் விடும். பிரித்து மறுபடி வைப்பார்கள்; இதைத்தான் சப்கல்ச்சர் என்கிறார்கள். மாதத்துக்கு ஒன்று நான்கானால் ஆறு மாதத்தில் 4,096. ஓராண்டில் கணக்கு ஒன்றரைக் கோடியைத் தாண்டும். காகிதத்தில் வரும் கணக்கு இது. லேபில் பூஞ்சையும் பாக்டீரியாவும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு ரேக் முழுக்க கன்டாமினேஷன் வந்து, பாட்டில்களைத் திறக்காமலேயே ஆட்டோகிளேவில் வைத்துக் கொல்ல வேண்டிய நாள் எந்த லேபுக்கும் வரும்.

இந்த நுட்பம் நமக்கு அந்நியமும் அல்ல. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி.மகேஸ்வரியும் 1964-இல் மகரந்தப்பையை வளர்த்து, ஒரே ஒரு குரோமோசோம் தொகுதி மட்டும் கொண்ட செடிகளை உண்டாக்கியபோது தாவரவியல் உலகமே திரும்பிப் பார்த்தது. அவர்கள் கையில் எடுத்த செடி ஊமத்தை. தேனி வாழைத்தோட்டங்களில் ஜி-9 கன்று வாங்கி நடும் விவசாயிக்கு டிஷ்யூ கல்ச்சர் என்பது இன்று சாதாரணச் சொல்.

சதைப்பற்றுச் செடியில்தான் சிக்கல் கூடுதல். கற்றாழையும் கள்ளியும் பகலில் இலைத்துளையை மூடி, இரவில் திறந்து மூச்சு வாங்கும் சாதி. பாட்டிலுக்குள் ஈரம் ததும்புகிறது, சர்க்கரை காலடியிலேயே கிடைக்கிறது. அங்கே அந்த இயல்பு மங்கிப்போகிறது. இலையின் மெழுகுப் பூச்சு படியாது. சில துளிர்கள் நீர் கோத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், பாட்டிலைத் திறந்த இரண்டாம் நாள் துவண்டு விழும். ஆகவே ஹார்டனிங் என்ற பழக்கப்படுத்தும் கட்டம்தான் உண்மையான சோதனை. கோகோபீட் நிரப்பிய குழித்தட்டில் வைத்து, ஈரத்தை நாளுக்கு நாள் குறைத்து, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

இதை ஊட்டியில் செய்யக் கூடாது. ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. கற்றாழை அழுகும், கள்ளி கருகும். ஊட்டியில் இருக்க வேண்டியது லேப் மட்டும். வளர்ப்பறைக்கு 25 டிகிரி வேண்டும். கீழ்நாட்டு லேபுகள் வெயில் காலம் முழுக்க ஏசிக்குக் கொட்டும் பணம் இங்கே மிச்சமாகும். இரவில் கொஞ்சம் சூடேற்றினால் போதும், விளக்குகளின் வெப்பமே பாதி வேலையைப் பார்த்துவிடும். வேர்விட்ட செடிகளை பாட்டிலோடு மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி, அங்கே நிழல்வலைக் குடிலில் ஹார்டனிங் செய்ய வேண்டும். நீலகிரி மண் ஒரு துகள்கூட ஒட்டாது, செடியும் தனக்குப் பழகிய வெயிலுக்கே போய்ச் சேரும். 1908 செப்டம்பரில் மலை ரயில் குன்னூரிலிருந்து நீண்டு வந்து நின்றது பெர்ன்ஹில்லில். ஊட்டிக்கு ஒரு மாதம் கழித்தே போனது. அன்றிலிருந்து இந்த மலையில் விளைந்தவற்றில் பெரும்பகுதி மேட்டுப்பாளையம் வழியாகத்தான் வெளியே போகிறது. நாற்றும் அந்த வழியே போகட்டும்.

தூசில்லாத காற்று என்ற காரணத்துக்காகவே ஒரு தொழிற்சாலையை ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். இந்து நகரில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், நாட்டுக்கே பிலிமும் எக்ஸ்ரே தகடும் தந்தது. துகள் விழாத அறைகளில், கைப்பக்குவத்தையும் சுத்தத்தையும் பிழைப்பாகக் கொண்ட ஒரு தொழிலாளர் கூட்டத்தை அது இந்த ஊரில் உருவாக்கியது. டிஜிட்டல் வந்தது, ஆலை நொடித்தது, மூடினார்கள். அந்தத் திறமைக்கு மறுபடி ஒரு வேலை தர ஊட்டியில் யாரும் முனையவில்லை. டிஷ்யூ கல்ச்சர் கேட்பது ஏறக்குறைய அதே ஒழுங்கைத்தான். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

இனி கள்ளிமுளையான். எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையென்று சொல்ல எதுவுமில்லாத, நான்கு பட்டைத் தண்டுள்ள சிறு செடி. பாறை இடுக்கிலும் முட்புதரின் நிழலிலும் வளரும். புதரோடு புதராக நிற்பதால் பூக்கும் வரை கண்ணில் படாது. பூவுக்கு ஈ வரும். இரண்டு கொம்புபோல் காய் பிளந்து, பட்டுநூல் கட்டிய விதை காற்றில் பறக்கும். தாவரவியலில் காரலூமா. ஆடு மேய்ப்பவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் பச்சையாகவே ஒடித்து மெல்வார்கள். கிராமங்களில் துவையல் அரைப்பார்கள், ஊறுகாய் போடுவார்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சொல்வார்கள். நீலகிரியின் பெயரையே தாங்கிய ஓர் இனம் உண்டு, காரலூமா நீலகிரியானா. கோவைப் பகுதியிலிருந்து காரலூமா பைகலர் என்ற புதிய இனத்தை 2011-இல்தான் தாவரவியலாளர்கள் விவரித்தார்கள். இந்த மலையடிவாரத்து வறண்ட காடுகளில் என்னவெல்லாம் இருக்கிறது என்ற கணக்கே இன்னும் முடியவில்லை என்று பொருள்.

ஆட்டிடையர்கள் பசிக்கு மென்ற செடி, இப்போது பசியைக் குறைக்கும் மாத்திரையாக வெளிநாடுகளில் விற்கிறது. 2007-இல் பெங்களூருவில் நடத்தி வெளியிட்ட ஆய்வில் 50 பேர் பங்கேற்றார்கள். சாறு எடுத்துக்கொண்டவர்களுக்கு நாளுக்கு 1 கிராம் வீதம் 60 நாள். அவர்களுக்குப் பசி உணர்வும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. உடல் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இவ்வளவு சின்ன ஆதாரத்தின் மேல் எவ்வளவு பெரிய வியாபாரம் எழுந்திருக்கிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே நமக்குக் கவலை, சாறு எடுக்க வேண்டிய செடி எங்கிருந்து வருகிறது என்பது. காட்டில் பறிப்பவர் தண்டை மட்டும் ஒடித்து வேரை விட்டால் அது மறுபடி துளிர்க்கும். எடைக்குக் கூலி என்றால் யாரும் வேரை விட்டுவைக்க மாட்டார்கள். பூப்பதற்கு முன்பே பிடுங்கினால் அடுத்த ஆண்டுக்கு விதையும் இல்லை.

காரலூமாவின் பல இனங்களைத் தண்டின் கணுவிலிருந்து பாட்டிலில் பெருக்கும் முறைகளை நம் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகள் வெளியிட்டிருக்கின்றன. காட்டிலிருந்து ஒருமுறை சில தண்டுகளை எடுத்தால் போதும், அப்புறம் காட்டைத் தொடவே வேண்டாம் என்பது இந்த முறையின் பெரிய வரம். அதில் எனக்கு ஐயமில்லை. அந்த வரத்துக்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. செடி எந்த ஊர்ப் பாறையிலிருந்து வந்தது, அதன் பயனை யார் யாருக்குச் சொன்னார்கள் என்ற செய்தி பாட்டிலுக்குள் போனதும் காணாமல் போய்விடும். ஆறாவது சப்கல்ச்சரில் அது வெறும் ‘லேப் மெட்டீரியல்’.

ஹூடியா என்று தென்னாப்பிரிக்காவில் ஒரு கள்ளி. கள்ளிமுளையானுக்குப் பங்காளி முறை, அதே எருக்குக் குடும்பம். கலஹாரிப் பாலையில் வேட்டைக்குப் போகும் சான் மக்கள் பசி தெரியாமல் இருக்க அதை மென்றார்கள். அதிலிருந்து எடுத்த வேதிப்பொருளுக்கு அந்நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் காப்புரிமை பெற்று, பிரிட்டன் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது. சான் மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்து, போராடிய பிறகு 2003-இல் ஒப்பந்தம் போட்டார்கள்: ராயல்டியில் 6 சதவீதம், இடைக்காலத் தொகைகளில் 8 சதவீதம். அதை விற்பனைப் பொருளாக்க முன்வந்த நிறுவனங்களில் ஃபைசர் கைவிட்டது, 2008-இல் யூனிலீவரும் விலகியது. பெரிய பணம் என்று எதுவும் அந்த மக்களுக்கு வரவில்லை. அதற்குள் காட்டில் ஹூடியாவைப் பிடுங்கும் வேகம் கூடி, அதைச் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. மருந்து தேறவில்லை, செடிக்கு மட்டும் ஆபத்து வந்து சேர்ந்தது.

நம் பக்கத்திலேயே இதைவிட நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அகத்திய மலைக் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து கேரளத்தின் பாலோடு ஊரிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1990-களின் நடுவில் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்க உரிமம் தந்தபோது, 10 லட்சம் ரூபாய்க் கட்டணத்திலும் 2 சதவீத ராயல்டியிலும் சரிபாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கியது. இலை கிடைப்பதில் வனத்துறையோடு தகராறு, காணிகளுக்குள்ளேயே மனவருத்தம் என்று அதிலும் குறைகள் இருந்தன. ஆனாலும் உயிரியல் பன்மைச் சட்டம் வருவதற்கு முன்பே, சட்டம் கேட்காத ஒன்றை ஓர் அரசு நிறுவனம் தானாக முன்வந்து செய்தது. அதை மனசார மதிக்கிறேன்.

2002-இல் சட்டம் வந்தது. 2023-இல் அதைத் திருத்தினார்கள். சாகுபடி செய்த மூலிகைகளுக்குப் பயன்பகிர்வுக் கடமையிலிருந்து விலக்கு என்பது திருத்தத்தின் முக்கிய அம்சங்களில் ஒன்று. தோட்டத்தில் துளசி வளர்க்கும் விவசாயி எதற்காகப் பல்லுயிர் வாரியத்துக்கு அலைய வேண்டும் என்ற அளவில் அது நியாயம்தான். ஆனால் டிஷ்யூ கல்ச்சர் செடியும் சாகுபடிச் செடிதானே! காட்டிலிருந்து இன்று ஐந்து தண்டை எடுத்து, பாட்டிலில் வைத்து, அடுத்த ஆண்டு பத்து ஏக்கரில் நட்டுவிட்டால், அந்தக் காட்டைக் காத்து அந்தச் செடியை அடையாளம் காட்டிய மக்களுக்குத் தர வேண்டியது எதுவுமில்லை என்று ஒரு நிறுவனம் வாதாடலாம். சட்டம் அதற்கு இடம் விட்டிருக்கிறது. நீலகிரியில் ஒரு பொது லேப் வருமானால், சட்டம் விட்ட இந்த ஓட்டையைத் தன் விதிகளாலேயே அடைக்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது. பாட்டில் எத்தனை தலைமுறை தாண்டினாலும் செடியின் ஊரும் அந்த ஊரின் பங்கும் அதனோடு கூடவே போக வேண்டும்.

இதே மலை ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. 1860-இல் கிளெமன்ட்ஸ் மார்க்கம் ஆண்டிஸ் மலைகளிலிருந்து சின்கோனாவைக் கடத்திவரச் செய்தார். ஊட்டி அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் வில்லியம் கிரகாம் மெக்கைவர் அதைப் பதியம், தண்டு, மொட்டு என்று எல்லா வழியிலும் பெருக்கினார். சில ஆண்டுகளில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் செடிகள் லட்சக்கணக்கில் நின்றன. அந்தக் காலத்தின் டிஷ்யூ கல்ச்சர் என்றே மெக்கைவரின் நாற்றங்காலைச் சொல்லலாம். சின்கோனாப் பட்டையிலிருந்து எடுத்த கொய்னா மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டையின் குணத்தைத் தலைமுறைகளாகத் தெரிந்துவைத்திருந்த ஆண்டிஸ் மக்களுக்கு ஒரு காசும் போகவில்லை. இங்கே சோலைகளை வெட்டி நட்டார்கள். செயற்கை மருந்துகள் வந்ததும் சின்கோனாவுக்கு விலை இல்லாமல் போயிற்று; அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று தேயிலை. ஒரே செடியை, ஒரே மருந்தை, வெளியூர் விலையை நம்பிய தோட்டத்துக்கு நேர்ந்தது அது.

விலை என்ற பேச்சு வந்ததும் கற்றாழை விவசாயிகளின் முகம் கண்ணில் நிற்கிறது. கன்றுக்கு இவ்வளவு, விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று சொல்லி விற்றுவிட்டு, அறுவடைக்கு வராமல் போனவர்களின் கதை தென்மாவட்டங்களில் பல ஊர்களில் உண்டு. ஈமு கோழியில் 2012-இல் கொங்கு மண்டலம் பட்டதும் இதே வழிதான். கண்வலிக்கிழங்கு விதைக்கு மூலனூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் விலை வைப்பது யார் என்று கேட்டால், விவசாயி கையைப் பிசைகிறார். அறுத்த கற்றாழை மடல் சில மணி நேரத்துக்குள் பதப்படுத்தும் இடத்துக்குப் போயாக வேண்டும். பக்கத்தில் ஜெல் எடுக்கும் ஆலை இல்லாத ஊரில் அந்தக் கன்றை விற்பதே தவறு. அரசு லேப் நாற்றை விற்கும் முன் வாங்குபவரின் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கேட்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் நாற்று இல்லை.

மருந்துச் சத்து இன்னொரு கேள்வி. கற்றாழையின் மஞ்சள் பாலில் உள்ள அலோயின் கடுமையான பேதி மருந்து. முழு இலைச் சாற்றைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. ஆகவே எந்தத் தாய்ச்செடியில் அலோயின் எவ்வளவு, ஜெல் எவ்வளவு என்று அளக்காமல் லட்சம் பிள்ளைகளைப் பெருக்குவது, லட்சம் தோட்டங்களில் ஒரே தவறை நடுவதாக முடியலாம். வாழைக்கும் உருளைக்கும் நாற்றின் தூய்மைக்கும் வைரஸ் இன்மைக்கும் சான்று வழங்க, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மூலிகைக்கு அது பாதிதான். செடி தாயைப் போலவே இருக்கிறதா என்பதோடு மருந்தும் தாயில் இருந்த அளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊட்டியிலேயே ஜே.எஸ்.எஸ் பார்மசி கல்லூரி இருக்கிறது. மூலிகைகளின் வேதிப்பொருளை அளக்கத் தெரிந்தவர்கள் அங்கே உண்டு. எமரால்டில் ஓமியோபதி மூலிகைகளுக்கான மத்திய அரசு ஆய்வு மையம் இருக்கிறது. இவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

கள்ளிமுளையானுக்கு இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். காட்டில் அது விதையில் வளர்வதால் செடிக்குச் செடி வேறு. பாட்டிலில் வருவது ஒன்றின் நகல்கள். நல்ல சத்துள்ள ஒரே ஒரு தாயைப் பிடித்துப் பெருக்கினால் ஆலைக்கு வசதி, ஒரு நோய் வந்தால் மொத்தத்துக்கும் முடிவு. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் குறைந்தது இருபது முப்பது தாய்ச்செடிகளையாவது தனித்தனி வரிசையாக லேபில் வைத்திருக்க வேண்டும். அவற்றில் ஒரு பங்கு விற்பனைக்கு அல்லாமல், பிடுங்கி அழித்த இடங்களில் திரும்ப நடுவதற்கு. அதையும் எடுத்த இடத்திலேயே நட வேண்டும். சீகூர்ச் செடி சீகூருக்கு, மருதமலைச் செடி மருதமலைக்கு. தனியார் லேபுக்கு இதில் லாபம் இல்லை. அதனாலேயே இது பொதுப் பணத்தில் நடக்க வேண்டிய வேலை என்கிறேன். மூலிகைத் தோட்டமும் மருந்துத் தயாரிப்பும் அரசின் வேலை என்று ஒப்புக்கொண்டு டாம்ப்கால் நிறுவனத்தை 1983-இல் தொடங்கிய மாநிலத்துக்கு இது புதிய கொள்கையும் அல்ல.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டும் லேபிளில் இன்று பெரும்பாலும் இனத்தின் பெயரும் தேதியும்தான் இருக்கும். பெர்ன்ஹில் லேபில் தாய்ச்செடி எண், எடுத்த ஊர், அந்த ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுப் பதிவேட்டில் உள்ள பக்கம், எத்தனையாவது சப்கல்ச்சர் ஆகியவையும் இருக்கட்டும். நாற்று விற்ற பில்லிலும் அதே எண் வரட்டும். சாறு எடுக்கும் ஆலை அந்த எண்ணோடுதான் வாங்க வேண்டும். விற்ற பணத்தில் இத்தனை சதவீதம் அந்த ஊரின் கணக்குக்கு என்று உரிமத்திலேயே எழுத வேண்டும். எத்தனை சதவீதம் என்பதைச் சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது.

அதற்குரிய இடம் கிராமசபை. காட்டையும் அதன் பல்லுயிர் வளத்தையும் காக்கும் அதிகாரத்தை வன உரிமைச் சட்டம் 2006-லேயே அதற்குக் கொடுத்திருக்கிறது. மசினகுடி, சீகூர் பக்கத்து இருளர், குறும்பர் ஊர்களில் ஆட்டோகிளேவ் வாங்க டெண்டர் விடும் முன்பே கூட்டம் போட வேண்டும். அதிகாரிகள் வந்து திட்டத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகும் கூட்டமாக அது இருக்கக் கூடாது. எந்தச் செடி, எத்தனை தண்டு, யார் வந்து எடுப்பார்கள், எடுத்ததில் என்ன செய்வார்கள், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை யார் வந்து காட்டுவார்கள் என்று தமிழிலும் அவர்கள் மொழியிலும் சொல்ல வேண்டும். யோசிக்க நாள் தர வேண்டும். வேண்டாம் என்று ஓர் ஊர் சொன்னால் அந்த ஊர்ப் பாறையில் உள்ள செடியைத் தொடாமல் அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.